தேயிலைப் பெட்டிக்குள் ஒரு பாலைவனம்

1979 நவம்பர் 12, திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் முகம் கழுவுவதற்கு முன் ஸ்டோரின் மேல் மாடிக்கு ஏறி, கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே தொங்கும் ஹைக்ரோமீட்டரைப் பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஹைக்ரோமீட்டர் என்பது ஒரே பலகையில் பொருத்திய இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் மஸ்லின் துணி சுற்றி, துணியின் வாலை ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருப்பார்கள். காற்று காய்ந்திருந்தால் துணியின் ஈரம் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழ் குளிரும்; இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கூடும். காற்று ஈரமாக இருந்தால் வித்தியாசம் குறையும். அன்று இரண்டும் ஒன்றையே காட்டின.

விசிறிகளைப் போடச் சொல்லி, தேயிலை காயவைக்கும் டிரையரின் சூட்டுக் காற்றை மேலே திருப்பிவிட்டேன். அதன் பிறகுதான் பல் துலக்கினேன், தேத்தண்ணி குடித்தேன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டேன். ஈரக் கொழுந்தை வாட்டுவது பற்றிய கவலையைத் தவிர அன்று காலை என் மனதில் வேறெதுவும் இல்லை. பத்து மணிக்குத் தோட்டத் துரையின் ஜீப் வந்து நின்றது. துரை இறங்கவில்லை. அவர் மனைவி, துரைசாணி, இறங்கினார். நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஒரு கண்ணாடித் தொட்டி, அதன்மேல் ஒரு துவாய், அதற்கு மேல் குடை. அவர் நனைந்துகொண்டிருந்தார், தொட்டி நனையவில்லை.

"மிஸ்டர் கதிரேசன், உங்க ஸ்டோர்ல காஞ்ச இடமா ஒண்ணு வேணும்" என்றார். "இது உயிரோட இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல."

துவாயை விலக்கினார். உள்ளே வைக்கோல் நிறத்தில், விரல் நீளத்துக்கு ஒரு தேள். இடுக்கி இரண்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பருத்திருந்தன.

சென்ற வருடம் நான் ஓய்வு பெற்றபோது, என்னிடம் சாவிக் கொத்தை வாங்கிக்கொண்ட இளைய டீமேக்கர், அதாவது இனி தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர், டிரையர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் அடித்த பலகையின் மேல் இருந்த ஒரு தேயிலைப் பெட்டியைக் காட்டினார். அதற்குக் கண்ணாடி மூடி, உள்ளே மணல், ஒரு மூலையில் மூங்கில் குழாய். "இதுல எந்த கிரேட் பேக் பண்ணினீங்க, ஐயா?" என்று கேட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது அவருடைய ஸ்டோருக்கு முள் ஓடும் புதிய ஈரமானி வந்துவிட்டதாம், துணியும் குப்பியும் வேண்டியதில்லையாம். துணியும் குப்பியும் இருந்த காலத்தில் நடந்ததை எழுதிவைக்க இதுதான் சமயம் என்று தோன்றியது.

நான் முதலில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுக்கும் கிளாக்கராக இருந்தேன். 1965இல் ஸ்டோர் வேலைக்கு மாறி, வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவைப்பது, காயவைப்பது, சலிப்பது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அடிபட்டு, உதவி டீமேக்கராக மடுல்சீமைக்கு வந்து சேர்ந்தேன். படித்தது இவ்வளவுதான். கற்றது எல்லாம் அங்கே பெரிய டீமேக்கராக இருந்த தம்பிப்பிள்ளை ஐயாவிடம்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. எதையும் முதலில் மூக்கால்தான் பார்ப்பார். தேயிலை பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால், ஸ்டோருக்குள் வெங்காயம் கூடாது, வாசனைச் சவர்க்காரம் கூடாது, சாம்பிராணி கூடாது. சலிக்கும் அறைக்கு வரும் பெண்கள் தலையில் பூ வைத்திருந்தால் வாசலிலேயே கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். மார்கழி மாதத்தில் அந்த நிலைப்படி கோயில் வாசல் மாதிரி இருக்கும். யார் பூவை யார் எடுத்துப் போனார்கள் என்று மாலையில் ஒரு வழக்கு நடக்கும். தம்பிப்பிள்ளை ஐயா அதை நின்று கேட்டுவிட்டு, "நாளைக்கு எல்லாரும் வெறுந்தலையோட வாருங்கோ" என்று தீர்ப்புச் சொல்லிப் போவார். அடுத்த நாளும் பூ இருக்கும்.

அவருடைய இன்னொரு சட்டம், காலையில் எழுந்ததும் முதல் வேலை மாடியின் ஈரம் பார்ப்பது. பொங்கலானாலும் தீபாவளியானாலும் அதற்கு முன் வேறெதுவும் இல்லை. மூன்றாவது சட்டம், தேத்தண்ணி ருசி பார்க்கும் அவருடைய வெள்ளிக் கரண்டியை யாரும் தொடக் கூடாது. அது ருசி பார்க்கும் மேசைக்கு மேல் ஓர் ஆணியில் தொங்கும். அதைத் தொட்ட உதவி டீமேக்கர் ஒருவர் மாற்றலாகிப் போனதாக ஒரு கதை இருந்தது. நான் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

நான் வந்த முதல் ஆகஸ்ட்டில், மலையைத் தாண்டி உலர்ந்து வரும் கச்சான் காற்று எப்படி வேலை செய்யும் என்பதைக் காட்டித்தந்தார். ஊவாவின் நல்ல தேயிலை அந்தக் காற்றில்தான் பிறக்கிறது. ஆனால் காற்று நல்லதென்று மாடியின் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டால் கொழுந்தின் விளிம்பு கருகிவிடும், காம்பு பச்சையாகவே நிற்கும். நான் அப்படித்தான் திறந்துவிட்டிருந்தேன். அவர் ஒரு கொழுந்தை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "காஞ்சது வேற, வாடினது வேற, காணும்" என்றார், யாரையும் விளிக்கும் தன் யாழ்ப்பாணக் 'காணும்' சேர்த்து. ஜன்னல்களை ஒன்றுவிட்டு ஒன்று சாத்தினார். எனக்கு அது வாட்டுவதைப் பற்றிய பாடமாகத்தான் அப்போது பட்டது.

இனித் தேளுக்கு வருகிறேன்.

துரைசாணி பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவர். கலியாணத்துக்கு முன் அங்கேயே உயிரியல் ஆசிரியையாக இருந்தவர். அவருடைய தம்பி அரபு நாட்டில் ரோட்டு வேலைக்கு அளவு எடுப்பவர். அக்காவின் விருப்பம் தெரிந்து, லீவில் வந்தபோது பிஸ்கட் டின்னில் நாலு பாலைவனத் தேள்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெயில் இருந்தவரை அவை நன்றாக இருந்தன. ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று செத்துப்போயின. இது நாலாவது.

"இது பொம்பளை. வயித்தைப் பாருங்க" என்றார். உடம்பின் பக்கவாட்டுத் தோல் விரிந்து, உள்ளே ஏதோ நிறைந்திருப்பது தெரிந்தது. "தேள் முட்டை போடாது. குட்டிதான். பத்து வருஷம் பிள்ளைங்களுக்குப் படம் போட்டுச் சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவையாவது கண்ணால பாத்ததில்ல."

துரை இதோடு பங்களாவில் தேள் வளர்ப்பது முடிந்தது என்று சொல்லிவிட்டாராம். ஆகவே இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் சினைத் தேள். எதிரே இரண்டு மாத மழை. அதைக் கரையேற்ற வேண்டும்.

உள்ளே வைப்பதற்குத் தம்பிப்பிள்ளை ஐயாவின் அனுமதி வேண்டும். அவர் வந்தார். தொட்டிக்குள் குனிந்தார். துரைசாணி, "கவனம், டீமேக்கர். இந்த இனத்துக்கு விஷம் கொஞ்சம்தான். இடுக்கி மெலிஞ்சு வால் தடிச்சதுதான் பொல்லாதது. ஆனாலும் கொட்டும்" என்றார். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூக்கைச் சுருக்கி இரண்டு தரம் இழுத்தார்.

"தேளுக்கு ஒரு மணமும் இல்லை. மணலுக்குத்தான் பூஞ்சணம் மணக்குது" என்றார். "தேள் இருக்கலாம். மணல் வெளியில போகட்டும்."

பங்களாவில் என்ன நடந்திருந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. துரைசாணி எழுதிவைத்த முறை சரியானதுதான். மணலில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லித்தான் இருந்தார். ஆனால் அவர் பதுளைக்குப் போகும் நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் தோட்டக்காரர் மருதமுத்து. எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த தேள் நட்டுவாக்காலி. கன்னங்கரேலென்று, உள்ளங்கை அகலத்துக்கு, மக்கிய கட்டைக்குக் கீழே சேறும் ஈரமுமாகக் கிடக்கும். வெயிலில் போட்டால் துடித்துப்போகும். தேள் என்றால் ஈரம் என்பது மருதமுத்துவுக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லோருக்குமே பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. அவர் ரோஜாச் செடிக்கு அடிக்கும் பம்பால் காலையும் மாலையும் பூப்போல் தண்ணீர் தெளித்து, குளிராமல் இருக்கக் கண்ணாடி மூடியையும் இறுக்கி மூடி, கணப்பு அருகே வைத்திருக்கிறார். கணப்பு எரியும்போது மணலின் ஈரம் ஆவியாகும். அணைந்ததும் அது கண்ணாடியில் பனியாகப் படிந்து மறுபடியும் தேளின் மேலேயே சொட்டும். செத்த மூன்றின் அடிவயிற்றிலும் பூஞ்சணத்தின் கறுப்புப் புள்ளிகள் இருந்தனவாம்.

மருதமுத்து ஸ்டோர் வாசலில் வந்து நின்று, "நான் நல்லதுன்னுதாங்க செஞ்சேன்" என்றார். துரைசாணி அவரைக் கோபிக்கவில்லை. "நீங்க நட்டுவாக்காலி வளர்த்தீங்க, மருதமுத்து. நான்தான் வேற ஒண்ணைக் குடுத்துட்டேன்" என்றார்.

நான் பெட்டி தயார் செய்த முறை இது. ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி ஒன்றைப் பாதி உயரத்துக்கு அறுத்தேன். உள்ளே ஈயத்தாள் அப்படியே இருந்ததால் வெளி ஈரம் பலகை வழியாக வராது. ஆற்று மணலை, வேண்டாமென்று கழித்துப்போட்ட ஒரு பழைய சல்லடையில் சலித்தேன். நல்ல சல்லடையைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சலித்த மணலை டிரையரின் தட்டில் பரப்பி, கையில் ஒட்டாமல் வழுகும் வரை காயவைத்தேன். மணலுக்கு அடியில், சுடச்சுட டிரையரிலிருந்து எடுத்த கழிவுத் தூளைத் துணிப்பையில் கட்டி வைத்தேன். காய்ந்த தேயிலைத்தூள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டீமேக்கர்களின் வாழ்நாள் தலைவலியே அதுதான். அந்தத் தலைவலியை ஒரு தரமாவது வேலைக்கு வைத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம். மூடிக்குக் கண்ணாடி, இரண்டு பக்கமும் காற்று போய்வரக் கம்பிவலை. டிரையருக்குப் பக்கத்துச் சுவரில் பலகை அடித்து அதன்மேல் பெட்டியை வைத்தேன். காலையில் பையை மாற்றுவது என் வேலை. சாப்பாடு, டிரையர் அடுப்புக்கு விறகு போடும் முனியாண்டியின் பொறுப்பு. விறகுக் கொட்டகையில் கரப்பானுக்குக் குறைவில்லை.

"என் பொண்டாட்டிக்குக்கூட இப்பிடி நாளும் கறி கொண்டுபோய்க் குடுத்ததில்லைங்க" என்பார் முனியாண்டி, ஜாம் போத்தலை ஆட்டிக்கொண்டே.

சலிக்கும் அறைப் பெண்களுக்குத் தலைவி ராக்கம்மா. தேளுக்கு அரபுக்காரி என்று பெயர் வைத்தது அவர்தான். ஒரு வாரத்துக்குள் தோட்டம் முழுவதும் அந்தப் பெயர் பரவி, மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வரும் பெண்களும் நிறுவைக்கு முன் அரபுக்காரிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ராக்கம்மா மட்டும் என்னை விடவில்லை.

"ஏங்க ஐயா, மலையில நிக்கிற எங்க புள்ளைங்களுக்கு மழைக்குப் போத்திக்கப் படங்கு, அவளுக்குக் கணப்பா?"

"அவள் மாசமா இருக்காள், ராக்கம்மா."

"நானும் அஞ்சு தடவ இருந்தேன். ஒரு தடவயாச்சும் டிரையர் பக்கத்துல படுக்க வச்சீங்களா?"

முனியாண்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

அரபுக்காரி தேறினாள். அவள் அடிவயிற்றிலும் விழத் தொடங்கியிருந்த கறுப்புப் புள்ளிகள் மறைந்தன. கரப்பானை ஓடிப் பிடித்தாள். துரைசாணி ஒன்றுவிட்டு ஒருநாள் வந்து, ஒரு வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டிக்குள் காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஸ்டோரில் சின்னதாக ஒரு ஹைக்ரோமீட்டர் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து, புதுத் துணி சுற்றி, குப்பியில் தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் ஒரு மூலையில் சாய்த்து வைத்தேன். வித்தியாசம் நான் எந்த மாடியிலும் பார்த்திராத அளவுக்குக் காட்டியது. தம்பிப்பிள்ளை ஐயாகூட எட்டிப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் அருமை, காணும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும்.

ஆனால் அதே நாட்களில்தான் அவள் கரப்பானைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். பிரசவம் நெருங்கினால் சாப்பாடு குறையும் என்றார் துரைசாணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு விரிந்திருந்த பக்கவாட்டுத் தோலில் சுருக்கம் விழத் தொடங்கியது. நான் காற்று இன்னும் காயவில்லையோ என்று பையை இருவேளையும் மாற்றினேன். நாங்கள் செய்கிற வேலை அப்படி. பதினாலு வருடமாக ஈரத்தை விரட்டுகிறவனுக்கு எந்த நோவுக்கும் ஒரே மருந்துதான் தெரியும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, பெட்டிக்குள் ஹைக்ரோமீட்டர் வேடிக்கையாகக் காட்டியது. ஈரக்குமிழும் காய்ந்த குமிழும் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்தேன். அரபுக்காரி பலகையின் மேல் ஏறி, ஈரக் குமிழை இரண்டு இடுக்கியாலும் கட்டிப் பிடித்திருந்தாள். துணி குமிழைவிட்டு நழுவியிருந்தது. வாயருகே இருக்கும் இரண்டு சின்ன இடுக்கிகளும் துணியின் வாலைப் பிழிந்து பிழிந்து, பிழிந்த இடத்தில் மறுபடியும் ஈரம் ஊறும் வரை காத்திருந்தன. குப்பியில் தண்ணீர் பாதியாகியிருந்தது.

துரைசாணிக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து வெகுநேரம் பார்த்தார். அவள் இன்னமும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குத் தாகம், மிஸ்டர் கதிரேசன்" என்றார்.

"பாலைவனத்துல தண்ணி ஏது, மேடம்?"

"அதைத்தான் யோசிக்கிறேன். தம்பி இதைப் பிடிச்சது மணலுக்கு மேலே இல்ல. முழங்கை ஆழத்துக்குத் தோண்டித்தான் எடுத்தானாம். உள்ளே கை வச்சா ஜில்லுன்னு இருந்துச்சுன்னான். நான் கையில கொட்டு வாங்காம எடுத்தானேன்னு சந்தோஷப்பட்டேனே ஒழிய, அந்த ஜில்லை யோசிக்கல."

அவர் சொல்லும்போதே எனக்கு ஆகஸ்ட் மாதத்து மலை கண்ணில் நின்றது. கச்சான் அடிக்கும்போது தேயிலைச் செடிக்கு அடியில் மேல்மண் புழுதியாகப் பறக்கும். அதே இடத்தில் மண்வெட்டியை ஒரு போடு போட்டால் கீழே கறுப்பாக, ஈரமாக, வேர் நிம்மதியாக இருக்கும். செடி உலர்ந்த காற்றில் தழைப்பது கீழே அது இருப்பதால்தான். அதையும் துரைசாணியிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேலே காய்ஞ்சு இருக்கணும், கீழே ஈரமா இருக்கணும். ஒரே பெட்டிக்குள்ள."

அன்று பகல் முழுவதும் இருவரும் பெட்டியைப் புதிதாகக் கட்டினோம். அரபுக்காரி முனியாண்டியின் ஜாம் போத்தலில் காத்திருந்தாள். அடியில் மணலோடு செம்மண் கலந்து கெட்டிப்படுத்தினோம்; வளை தோண்டினால் இடிந்து விழாமல் இருக்க வேண்டும். மேலே காய்ந்த மணல். ஒரு மூலையில் பெட்டியின் அடிவரை போகும் மூங்கில் குழாய். தண்ணீரை அந்தக் குழாய் வழியாகத்தான் ஊற்றுவது. மேல்மணலில் ஒரு துளியும் படாது. கழிவுத்தூள் பையை அடியிலிருந்து எடுத்து மூடிக்குக் கீழே வலையில் தொங்கவிட்டோம். நாளைக்கு ஒரு கரண்டித் தண்ணீர் போதும் என்று முடிவு செய்தோம்.

அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பிப்பிள்ளை ஐயா, "எந்தக் கரண்டி, காணும்?" என்று கேட்டார்.

"ஆபீஸ் தேக்கரண்டி, ஐயா."

"அப்ப சரி" என்று போய்விட்டார்.

அரபுக்காரியை உள்ளே விட்டதும் குழாயைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். பிறகு முன்கால்களால் மணலைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கினாள். மாலைக்குள் வளைக்குள் போய்விட்டாள். அதன்பின் வெளியே வரவே இல்லை.

தோண்டிப் பார்க்கக் கூடாது என்று துரைசாணி சொல்லியிருந்தார். கரப்பான்களை வளை வாசலில் விட்டால் சில நாள் காணாமல் போகும், சில நாள் அப்படியே இருக்கும். அவள் தின்றாளா, அவை ஓடினவா என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து மழை முற்றியது. பசறை ரோட்டில் மண் சரிந்து லொறி வரவில்லை. மலையில் ஆள் நிற்க முடியாததால் கொழுந்து எடுக்கவில்லை. கொழுந்து இல்லாமல் டிரையருக்கு நெருப்பும் இல்லை. ஸ்டோர் முழுவதும் குளிர்ந்துபோனது. இருந்த கழிவுத்தூள் எல்லாம் காற்றிலிருந்தே ஈரம் குடித்துக் கையில் பிசுபிசுத்தது. பெட்டிக்குள் வித்தியாசம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. கண்ணாடி மூடியின் உட்புறம் மங்கத் தொடங்கியது. பங்களாத் தொட்டியில் நடந்ததே இங்கும் நடக்கப்போகிறது என்பது எனக்கும் துரைசாணிக்கும் தெரிந்தது.

தூளை வீட்டு அடுப்பில் வறுக்கலாம் என்றார் முனியாண்டி. புகை மணத்தோடு அதை உள்ளே கொண்டுவந்தால் பெரிய டீமேக்கர் என்னைத்தான் வறுப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தம்பிப்பிள்ளை ஐயாவே வந்து நின்றார். கையில் மூடி இறுக்கிய ஒரு டின்.

"என்ர பங்குத் தேயிலை. ஆடி மாசத்துத் தூள். எடும்."

உத்தியோகத்தருக்கு மாதா மாதம் கிடைக்கும் தேயிலை அது. அவர் கச்சான் காலத்துத் தூளை மட்டும் சேர்த்துவைத்து வருடம் முழுக்கக் குடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஐயா, இது நல்ல தூள்" என்றேன்.

"நல்ல தூள்தான் நல்லாக் குடிக்கும். கட்டும், காணும்."

கட்டினேன். மறுநாள் கண்ணாடி தெளிந்திருந்தது. டின் தீரும் வரை அந்தத் தூளை மாற்றி மாற்றிக் கட்டினோம். அந்த நாட்களில் தம்பிப்பிள்ளை ஐயா சாதாரணத் தூளில் தேத்தண்ணி குடித்தார். குடிக்கும்போது முகம் மட்டும் கொஞ்சம் கோணும். மழை விட்டு, ரோடு திறந்து, டிரையர் மூண்டது. முனியாண்டி அன்று தீபாவளி மாதிரி விறகைத் திணித்தார்.

மார்கழி பாதியில் ஒரு காலை, பெரட்டு முடிந்து நான் டிரையர் அறைக்குள் நுழைந்தபோது ராக்கம்மாவும் பெண்களும் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. அது நடக்காத காரியம் என்பதால் வேகமாக நெருங்கினேன். வழிவிட்டார்கள். அரபுக்காரி வளை வாசலில் நின்றிருந்தாள். முதுகு தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று, கண் மட்டும் கறுப்புப் புள்ளியாக, அடுக்கடுக்காகக் குட்டிகள்.

"முதுகுல பச்சரிசியக் கொட்டுன மாதிரி இருக்கு" என்றார் ராக்கம்மா, மெதுவாக. பிறகு தன் குரலுக்குத் திரும்பினார். "அம்புட்டையும் சுமந்துக்கிட்டு எப்பிடி நிக்கிறா பாருங்கடி. ஒத்தப் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நீங்க முனகுறீங்க."

துரைசாணி ரப்பர் பூட்ஸோடு பங்களாவிலிருந்து நடந்தே வந்துவிட்டார். ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்தார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளியே மழை இல்லை என்பதால் அது நனைந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கும்.

ஆனால் கண்டம் இன்னும் தாண்டவில்லை என்று சொன்னவரும் அவர்தான். அந்த வெள்ளைக் குட்டிகளுக்குத் தோல் இன்னும் கெட்டிப்படவில்லை. தாயின் முதுகிலேயே இருந்து முதல் சட்டையை உரிக்க வேண்டும். காற்று ஈரமானால் பூஞ்சணம். அளவுக்கு மேல் காய்ந்தால் சட்டை பாதியில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். உரித்து, நிறம் ஏறி, தாயை விட்டு இறங்கினால்தான் பிழைத்ததாகக் கணக்கு. ஆகவே குழாய்க் கரண்டியும் தூள் பையும் ஒரு நாளும் தவறவில்லை. அரபுக்காரி தன் குட்டிகளோடு பகலில் வளைக்குள் இறங்குவாள், சாயங்காலம் ஏறி வருவாள். எந்த நேரம் எந்த ஆழம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் ஈரம், உலர்வு இரண்டையும் வைத்துக் கொடுத்தோம், அளந்துகொண்டவள் அவள்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம், முனியாண்டி விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். தாயின் முதுகில் காகிதச் சீவல் மாதிரி வெள்ளைச் சட்டைகள் கலைந்து கிடந்தன. நடுவே இளம் மஞ்சளில், வாலை மடித்துக்கொண்டு, முழுத் தேள்கள். ஒன்று முதுகின் விளிம்புவரை வந்து, தயங்கி, மணலில் குதித்தது. இரண்டு அடி நடந்தது. திரும்ப ஓடி ஏறிக்கொண்டது. பெண்கள் எல்லாம் ஒரே குரலில் சிரித்தார்கள். அடுத்து மூன்று இறங்கின. அவை திரும்பவில்லை.

துரையும் வந்தார். இரண்டு மாதத்தில் முதல் தரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். இரண்டு தரம் எண்ணிக்கை தவறியதும் கிட்ட வந்தார். மூன்றாம் தரம் தவறியதும் கண்ணாடியில் மூக்கு முட்டியது. "இதுங்களுக்கெல்லாம் பேர்க்காசு வேணுமா?" என்று என்னைக் கேட்டார். தோட்டத்தில் நாட்கூலிக்கு அதுதான் பெயர். பேரில்லாதவர்களுக்கு வேண்டாம் என்றேன். துரைசாணி அவரைப் பார்த்த பார்வையில், பங்களாவில் தேள் வளர்ப்பது பற்றிய சட்டம் அன்றே நீங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

பின்னால் அவர்கள் மொணராகலைப் பக்கம் மாற்றலாகிப் போனார்கள். அங்கே காற்று இயல்பாகவே காய்ந்தது. அரபுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் துரைசாணி அறை அளவு தொட்டி கட்டிக்கொண்டாராம். எங்கள் பெட்டி தேவைப்படவில்லை. பலகை மேலேயே தங்கிவிட்டது.

குட்டிகள் இறங்கிய மறுநாள், பொங்கலன்று விடியற்காலை எழுந்தேன். தொழிலாளர் லயத்தில் அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. முகம் கழுவவில்லை. கால்கள் பழக்கப்படி மாடிப் படியின் பக்கம் திரும்பின. நான் திரும்பவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தரமாக, மாடியின் ஈரம் பார்ப்பதற்கு முன் தேக்கரண்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு டிரையர் அறைக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தேன். இறங்கிய குட்டிகள் மணலில் அங்கங்கே இருந்தன. மூங்கில் குழாயின் விளிம்பு அப்போதுதான் நனைந்ததுபோல் பளபளத்தது. மேல்மணலில் ஒரு துளியும் இல்லை. கண்ணாடி மூடியின் மேல் தம்பிப்பிள்ளை ஐயாவின் வெள்ளிக் கரண்டி கிடந்தது.

நாளைக்கு ஒரு கரண்டிதான் அளவு; என் கரண்டித் தண்ணீரை வாசலில் கொட்டினேன். வெள்ளிக் கரண்டியைத் துடைத்து, ருசி பார்க்கும் மேசைக்கு மேல் அதன் ஆணியில் மாட்டினேன். பிறகு மாடிக்கு ஏறிப்போய் ஹைக்ரோமீட்டரைப் பார்த்தேன்.